சூடைமுள் கோட்

என்னை முதன்முதலாகக் கண்ட அன்று அந்தத் தையல்கார அன்ரி "வாங்கோ" என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உமக்கு வலது கை இடது கையைவிடக் கால் அங்குலம் நீளம், தெரியுமோ?" என்று கேட்டார். முப்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த நினைப்பு இல்லாமல் ஒரு சட்டை போட முடியவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். ஒரு அறை, ஒரு குசினி, ரெயில் பாதையைப் பார்த்த ஒரு யன்னல். கடல்காற்றில் ஊசிகள் துருப்பிடித்துவிடும் என்பதால் அவற்றை முகப்பவுடர் டப்பாவுக்குள் புதைத்து வைத்திருப்பார். தைக்கும்போது ரெயில் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு அது போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். கட்டடம் அதிரும்போது போடும் தையல் நேராக வராதாம். காலையில் ரெயில்கள் அடுத்தடுத்து ஓடும் நேரத்தில் அவர் தைப்பதேயில்லை. அந்த நேரத்தில் முதல்நாள் தைத்ததைப் பிரிப்பார்.

முன்பு இரத்மலானைப் பக்கம் ஒரு கார்மெண்ட் பாக்டரியில் பல வருடம் வேலை செய்தவர். தைக்கிற வேலை அல்ல, தைத்ததைச் சோதிக்கிற வேலை. மேசையில் வந்து விழும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க அதுதான். வேலையை விட்டு வந்தபோது மிஞ்சியிருந்த ஸ்டிக்கர் சுருள்கள் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டன. சுவரில் கோணலாகப் பூட்டிய சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு. வெடித்த தரைக்கல்லில் ஒரு அம்பு. அவருடைய சட்டைக் கையிலேயே ஒரு அம்பு ஒட்டியிருந்ததைக் கண்டிருக்கிறேன். தனக்கென்று தைத்த எதையும் அவர் முடித்ததேயில்லை. கீழ்விளிம்பு மடிக்காமல், நூல் தொங்கத் தொங்கத்தான் உடுத்துவார்.

ஒருநாள் நான் போனபோது கீழ்மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் ஹாஜியார் படியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ட படியில ஏன் இதை ஒட்டி வச்சீங்க? படிக்கு என்ன குறை?"

அன்ரி மேலே நின்று எட்டிப் பார்த்தார். "அந்தப் படி மற்றதுகளைவிடக் கொஞ்சம் உயரம், ஹாஜியார். ஆரும் தடக்கி விழுவினம்."

"இருவது வருஷமா நான் ஏறி எறங்குறன். எனக்குத் தெரியாத உயரமா?"

அன்ரி உள்ளே போய் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அளந்து காட்டினார். அடுத்த கிழமை மேசன் வந்து அந்தப் படியைச் செதுக்கினான். இதுதான் அவரோடு இருந்த பெரிய எரிச்சல். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். பிழையாக இருந்தால் ஒருமுறை சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

தைத்துத் தந்த பிறகும் அவரிடமிருந்து தப்ப முடியாது. என்னோடு வேலை செய்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு அவர் தைத்த சாரி ஜாக்கெட்டோடு போயிருந்தேன். அன்ரிக்கும் அழைப்பு இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் கூட்டத்துக்குள்ளால் நேராக என்னிடம் வந்தார். "பிள்ளை, ஒருக்கா வாஷ்றூம் பக்கம் வாரும்."

"ஏன் அன்ரி?"

"முதுகுத் தையல் இழுக்குது. நீர் இருந்தெழும்பேக்க பாத்தனான்."

அங்கே என்னை நிறுத்திக் கொக்கிகளைக் கழற்றி, கைப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, அரை மணித்தியாலம். நான் வெளியே வந்தபோது எங்கள் ஒபிஸ்காரர் எல்லாரும் மணமக்களோடு நின்று படமெடுத்து முடித்துவிட்டார்கள். அந்தக் கல்யாண அல்பத்தில் நான் இல்லை. ஜாக்கெட் மட்டும் அன்றிலிருந்து முதுகில் ஒட்டினமாதிரி இருந்தது.

அவரை விட்டுவிட்டு வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் பலர். நானும் ஒருமுறை கொடுத்தேன். வாங்கிவந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றால் எனக்கும் பிழைகள் தெரிந்தன. முன்பு தெரிந்திராத பிழைகள். திரும்பவும் அதே படிகளில் ஏற வேண்டியதாயிற்று. ஏறும்போது எதிரே வெறுங்கையோடு இறங்கிவரும் ஒரு பெண் கட்டாயம் இருப்பாள். "இண்டைக்கும் இல்லையாம்" என்பாள். நானும் சிரிப்பேன். எனக்கும் இருக்காது என்று தெரியும்.

அம்மாவின் கோட் அவரிடம் போனது அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான்.

அண்ணா லண்டனில் இருந்தான். அம்மா அவனைக் கண்டு ஒன்பது வருடம். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. விசா கிடைக்காததால் அம்மா போகவில்லை. இப்போது முதல் பிள்ளை பிறந்திருந்தது. இந்தமுறை விசா வந்துவிட்டது. மார்கழியில் பயணம். லண்டனுக்கு வந்த பிறகு கோட் வாங்கலாம் என்றான் அண்ணா. அம்மா கேட்கவில்லை.

"கடைக்கோட் எனக்கு அளவாய் இராது. அளவெடுத்துத்தான் தைக்கவேணும்" என்றார்.

அம்மாவின் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் தாழ்வு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பஸ்ஸிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது. பொருந்தும்போது கோணலாகப் பொருந்திவிட்டது. சேலைத் தலைப்பு அந்தத் தோளில்தான் விழும் என்பதால் வெளியே தெரியாது. அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும் அநேகமாக மறந்தே போயிருந்தேன்.

துணியை அம்மாவே எடுத்தார். புறக்கோட்டையில், கார்மெண்டுகளில் மிஞ்சிய துணிகளைக் குவித்து விற்கும் கடையொன்றில், சாம்பலும் கறுப்புமான தடித்த கம்பளித் துணி. ஒரு வரி இடப்பக்கம் சரிந்து கீற்றுக் கீற்றாக இறங்கும், பக்கத்து வரி வலப்பக்கம் சரிந்து இறங்கும். "சூடை மீனைத் திண்டிட்டு முள்ளை அடுக்கி வச்ச மாதிரி இருக்கடி" என்று அம்மா சிரித்தார். கடையில் இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான்.

அன்ரி அதை யன்னல் வெளிச்சத்தில் விரித்து நெடுநேரம் பார்த்தார். பாக்டரிப் பழக்கத்தில் அதை ஹெரிங்போன் என்றார்.

"நல்ல துணி, அக்கா. ஆனா பொல்லாத துணி. வெட்டிப் பொருத்திற இடத்தில ரெண்டு பக்க முள்ளும் முகம் பாக்கவேணும். ஒரு நூல் தள்ளினாலும் கண் நேரா அங்கதான் போகும். இன்னும் அரை மீற்றர் வேணும்."

அந்த அரை மீற்றருக்காக மூன்று சனிக்கிழமை அலைந்தேன். நுகேகொடையில் இல்லை. மருதானையில் ஒரு கடைக்காரர் துணி நுனியை விரலால் தேய்த்துப் பார்த்து, "மேக்க இவராய், மிஸ்" என்றார். முடிந்துபோன சரக்காம். வெறுங்கையோடு வந்து சொன்னபோது அன்ரி, "சரி, சமாளிப்பம்" என்றார். பிறகு இரண்டு கிழமை அந்தத் துணியைத் தரையில் விரித்தபடியே வைத்திருந்தார். அறைக்குள் போகிறவர்கள் சுவர் ஓரமாக நடக்க வேண்டும்.

வெட்டியபோது இரட்டையாக மடித்து வெட்டவில்லை. ஒவ்வொரு துண்டாக, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வெட்டினார். முதல் தடவை அம்மாவுக்குப் போட்டுப் பார்த்த நாளில் எனக்கே கோபம் போய்விட்டது. கை இல்லாத வெறும் உடம்புப் பகுதிதான். ஆனால் முதுகின் நடுவில் தையல் எங்கே இருக்கிறது என்று தடவித்தான் அறிய வேண்டியிருந்தது. அம்மா கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி இரண்டு கைதானே, ஒரு கிழமை வேலை என்று நினைத்தேன்.

கைகளைப் பொருத்தினார். அடுத்த கிழமை போனால் பிரித்திருந்தார். இடது தோளில் வரி சேரவில்லையாம். திரும்பப் பொருத்தினார். திரும்பப் பிரித்தார். அந்தத் துணி பிரிக்கப் பிரிக்க ஓரத்தில் நூல் உதிர்ந்தது. மேசைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பஞ்சு சேர்ந்தது. இப்படியே போனால் அம்மாவின் கோட் கூட்டி அள்ளுகிற குப்பையாகத்தான் மிஞ்சும் என்று தோன்றியது.

கொட்டாஞ்சேனையில் ஆண்களுக்குக் கோட் சூட் தைக்கும் ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன். கையோடு கொண்டுபோன வெட்டுத் துண்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தோள் உச்சியில அது சேராதும்மா. கை வளைஞ்சி போகுதே. முன்னுக்குக் கொஞ்ச தூரம் சேர்க்கலாம், மேல ஏலாது. நாங்க எல்லாரும் அதை விட்டுட்டுத்தான் தைக்கிறது."

இதற்காகவே காத்திருந்தவள்போல அடுத்த பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து அன்ரியிடம் சொன்னேன். அவர் வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "அவர் விடுவார்" என்றார். குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் போய்க் கத்தினேன். "நீங்களாவது சொல்லுங்கோ அம்மா. உங்கட சொல்லை அவ கேப்பா." அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "செய்யட்டும். அவவுக்குத் தெரியும்தானே" என்றார். எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது.

பயண நாள் வந்தது. மாலையில் விமானம், மத்தியானம் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். காலை பத்து மணிக்கு அன்ரி வீட்டுக்குப் போனேன். முதல்நாள் தொலைபேசியில், "முடிஞ்சுது, காலமை வந்து எடும்" என்று சொல்லியிருந்தார்.

கோட்டின் உடம்பு கதிரையில் கிடந்தது. இரண்டு கைகளும் மேசையில் கிடந்தன.

"அன்ரி, முடிஞ்சுது எண்டு சொன்னியள்."

"முடிஞ்சுதான் இருந்தது. விடிய எழும்பிப் பாத்தனான். இடது பக்கம் இன்னும் சரியில்லை. ரெண்டு மணித்தியாலம் தாரும், பிள்ளை."

"பதினொரு கிழமை தந்தனான்."

"ரெண்டே மணித்தியாலம்."

அதற்குப் பிறகு நான் கதைத்தது எனக்கு முழுக்க ஞாபகம் இருக்கிறது. மறந்தால் நல்லது என்று நினைத்தவைதான் அப்படி ஞாபகம் இருக்கின்றன. "உங்களுக்குக் கோட் முக்கியமில்லை அன்ரி. அம்மா குளிருக்குள்ள போறதும் முக்கியமில்லை. பிழைதான் முக்கியம். பிழை பிடிக்கிறதைத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்? அதாலதான் நீங்கள் ஒரு அறைக்குள்ள தனிய இருக்கிறியள்."

நான் உடம்பையும் கைகளையும் சுருட்டி ஒரு ஷொப்பிங் பையில் திணித்தேன். வாசலுக்குப் போகும்போது பின்னால் வந்து பையைப் பிடித்தார். பறிக்கப் போகிறார் என்று நினைத்து நான் இழுத்தேன்.

"பொறும். ஊசி கிடக்கு. அக்காவுக்குக் குத்தும்."

நான் பையைப் பிடித்தபடி நிற்க, அவர் உள்ளே கையை விட்டு ஒவ்வொரு குண்டூசியாகத் தேடி எடுத்தார். எல்லாம் எடுத்துவிட்டோமா என்று இன்னொருமுறை தடவிப் பார்த்தார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வாகனத்தில் அம்மா பையைத் திறந்து பார்த்தார். கோட்டின் ஒரு கையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல்விளிம்பில் அடித்திருந்த வெள்ளை நூலைத் தடவினார். நான் நடந்ததைச் சொன்னேன், என் பக்கத்து நியாயத்தோடு.

"நான்தான் அவவைக் கேட்டனான்" என்றார் அம்மா.

"என்னத்தை?"

"சம்பந்தி வீட்டாக்கள் என்னை இப்பதானே முதல்முதல் பாக்கப்போகினம். கோட் போட்டா தோள் தெரியும். தெரியாமல் தைக்க ஏலுமோ எண்டு கேட்டனான். உள்ளுக்குப் பஞ்சு வைக்கலாம், ஆனா இந்தத் துணியில வரி காட்டிக் குடுத்திடும் எண்டவ. வரியை வச்சே நேராக் காட்டுறன், கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொன்னவ."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ, அதெல்லாம் ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு சொல்லியிருப்பாய்."

உண்மைதான். அந்த வார்த்தைகளையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நேரம் எனக்கு வெட்கம் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஊரெல்லாம் அலைய வைத்தார்களே என்ற ஆத்திரம்தான் வந்தது. விமான நிலையத்தில் அம்மாவைச் சரியாகக் கட்டிப்பிடித்துக்கூட அனுப்பவில்லை.

லண்டனில் அண்ணா கோட்டை வீட்டுக்குப் பக்கத்தில் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் கொடுத்தான். காரில் காத்திருந்த நேரத்துக்குள் கைகளைப் பொருத்திக் கொடுத்துவிட்டார்களாம். மூன்றாம் நாள் என் போனுக்குப் படம் வந்தது. வீட்டு வாசலில் அம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. கோட்டின் வலப்பக்கம் முள் வரிகள் நேராக இறங்குகின்றன. இடப்பக்கம் கையின் வரியும் உடம்பின் வரியும் விலகி, தோள் சரிந்து கிடப்பதை யாரோ கோடு போட்டுக் காட்டியதுபோல் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அம்மாவின் தோளை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் அன்ரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அக்கா சுகமாப் போய்ச் சேர்ந்தவவோ? கையை ஆர் பொருத்தினது? ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லும் பிள்ளை, தோள் பக்கம் கிட்ட வச்சு. அனுப்பினா எனக்கு ஒருக்காக் காட்டும்."

"அம்மா இன்னும் ஒண்டும் அனுப்பேல்லை, அன்ரி" என்றேன்.

படம் கையில் இருந்த போனுக்குள்தான் இருந்தது. காட்டினால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். கடைசிவரை அவர் சரி, நான் பிழை. அதை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. ஒரு கிழமை கழித்துத் திரும்பக் கேட்டார். "கேட்டுப் பாக்கிறன்" என்றேன். தை பிறந்த பிறகு ஒருமுறை எடுத்தார். அன்று படம் கேட்கவில்லை. "அங்க இப்ப நல்ல குளிர் என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா மாசியில் திரும்பி வந்தார். வந்த மறுநாளே, "அவவிட்டப் போவம்" என்றார். கோட்டைத் தோள்பையில் கொண்டுவந்து, அந்த வெயிலில், அன்ரி வீட்டு வாசலில் நின்று போட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டினார். நான் பின்னால் நின்றேன்.

அன்ரி கதவைத் திறந்து, அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் யன்னலுக்கு முன்னால் நிறுத்தினார். ஒருமுறை சுற்றி வந்தார். இடது தோளில் விரலை வைத்து வரி வரியாகத் தடவி இறங்கினார்.

"ரெண்டு முள்ளு விலகியிருக்கு. தோள் தெரியுது, அக்கா."

"தெரிஞ்சுதுதான்" என்றார் அம்மா. "சம்பந்தி மனுசி கண்டிட்டு, நோகுதோ எண்டு கேட்டவ. குளிருக்கு நோகுது எண்டு சொன்னன். அண்டையிலயிருந்து ஒவ்வொரு நாளும் சுடுதண்ணிப் பை கொண்டுவந்து வச்சுவிடுவா."

அன்ரி தலையை ஆட்டினார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை.

அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "போன உடனயே இவளுக்குப் படம் அனுப்பினனான் தானே. உங்களுக்குக் காட்டச் சொல்லித்தான் அனுப்பினது. காட்டினவளோ?"

அன்ரி என்னைப் பார்த்தார். கால் அங்குலத்தைக் கண்ட அதே பார்வை. என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்கியது எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை படம் கேட்டவர், இரண்டு முறையும் நான் சொன்ன பதிலைக் கேட்டவர்.

"காட்டினவ, அக்கா" என்றார். "என்ர கண்ணாடி பழசு. எனக்குத்தான் வடிவாத் தெரியேல்லை. கழட்டுங்கோ, பாப்பம்."

அம்மா கழற்றிக் கொடுத்தார். அன்ரி கோட்டை உட்புறம் புரட்டி மேசையில் வைத்து, இடது கையின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியிலேயே ஆயத்தமாக்கிக்கொண்டுதான் படியேறியிருந்தேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. நான் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவர் பிரித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.